அணுக்களும் மூலக்கூறுகளும்: வரையறை தெரிந்தும் கணக்கு ஏன் வருவதில்லை?

கேள்வி இதுதான்: பள்ளி அறிவியல் தேர்வு நெருங்குகிறது, ‘அணுக்களும் மூலக்கூறுகளும்’ பாடத்தில் வரையறைகள் எல்லாம் மனப்பாடம், ஆனால் கணக்கு என்று வந்தால் எதைப் பெருக்குவது, எதை வகுப்பது என்று பிடிபடவில்லை. மிச்சமிருக்கும் நாட்களில் எப்படிப் படிப்பது?

பாடத்தைப் புரட்டினால் ஐந்தாறு சூத்திரங்கள் தனித்தனியாக நிற்பது போலத் தோன்றும். அவற்றைத் தனித்தனியாகப் படிப்பதால்தான் குழப்பம். மொத்தப் பாடத்துக்கும் அடியில் ஒரே ஒரு வேலைதான் நடக்கிறது: கையால் எண்ண முடியாததை எடைபோட்டு எண்ணுவது. வங்கியில் மூட்டை மூட்டையாகச் சில்லறை வந்தால் ஒவ்வொரு நாணயமாக எண்ண மாட்டார்கள். ஒரு நாணயத்தின் எடை தெரியும், மூட்டையின் எடையைப் போட்டால் எண்ணிக்கை வந்துவிடும். அணுக்களிலும் அதையேதான் செய்கிறோம். ஒரே ஒரு சிக்கல், தனி அணு ஒன்றை எந்தத் தராசிலும் வைக்க முடியாது. அந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக வந்தவைதான் ஒப்பு அணுநிறை, மோல், அவகாட்ரோ எண் எல்லாமே. இந்த வரிசையில் படித்தால் ஒன்றிலிருந்து இன்னொன்று தானாக வரும்.

முதலில் ஒப்பு அணுநிறை. ஓர் அணுவின் நிறையைக் கிராமில் சொல்ல முடியாத காலத்தில், ஓர் அணு இன்னோர் அணுவைப் போல எத்தனை மடங்கு கனம் என்று மட்டும் சொல்ல முடிந்தது. தொடக்கத்தில் ஹைட்ரஜனை 1 என்று வைத்தார்கள். பிறகு ஆக்சிஜனை 16 என்று வைத்தார்கள். அதிலும் ஒரு தகராறு: வேதியியலாளர்கள் இயற்கையில் கிடைக்கும் ஆக்சிஜன் கலவையை 16 என்றார்கள், இயற்பியலாளர்கள் ஆக்சிஜன்-16 என்ற ஐசோடோப்பை (ஒரே தனிமத்தின் வேறு வேறு நிறையுள்ள அணு வகைகளில் ஒன்று) மட்டும் 16 என்றார்கள். ஒரே அணுவுக்கு இரண்டு பட்டியலில் இரண்டு எண். 1961 வாக்கில் இருவரும் கார்பன்-12க்கு ஒத்துக்கொண்டார்கள். அதனால்தான் வரையறையில் ‘கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு’ என்ற சுற்றிவளைத்த சொற்றொடர் வருகிறது. ஒரு நிறையை இன்னொரு நிறையால் வகுப்பதால் ஒப்பு அணுநிறைக்கு அலகு கிடையாது. அதே எண்ணைக் கிராமில் சொன்னால் அது கிராம் அணுநிறை. ஒரு மதிப்பெண் கேள்விகளில் இந்த வேறுபாட்டை அடிக்கடி கேட்பார்கள்.

சரி, குளோரினுக்கு ஏன் 35.5? அரை புரோட்டானா, அரை நியூட்ரானா? இரண்டும் இல்லை. இயற்கையில் கிடைக்கும் குளோரினில் நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் மொத்த எண்ணிக்கை) 35 உள்ளவை ஏறத்தாழ முக்கால் பங்கு, 37 உள்ளவை கால் பங்கு. சராசரி எடுத்தால் 35.5. அதாவது 35.5 நிறையுள்ள ஒரு குளோரின் அணுவை உலகத்தில் எங்கு தேடினாலும் கிடைக்காது. தேர்வில் பெரும்பாலும் போரானைக் கொடுப்பார்கள்: போரான்-10 இருபது சதவீதம், போரான்-11 எண்பது சதவீதம். பத்தை இருபதால் பெருக்கி, பதினொன்றை எண்பதால் பெருக்கி, கூட்டி, நூறால் வகுத்தால் 10.8. விடை வந்ததும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சராசரி எப்போதும் இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் இருக்கும், எது அதிகம் கிடைக்கிறதோ அதன் பக்கம் சாய்ந்திருக்கும். 10.2 என்று வந்தால் சதவீதங்களை மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஐசோடோப்பு, ஐசோபார், ஐசோடோன் மூன்றுக்கும் அதிக நேரம் வேண்டாம். அணு எண் (புரோட்டான் எண்ணிக்கை) ஒன்றானால் ஐசோடோப்பு, நிறை எண் ஒன்றானால் ஐசோபார், நியூட்ரான் எண்ணிக்கை ஒன்றானால் ஐசோடோன். ஆர்கான்-40, கால்சியம்-40 ஐசோபார்கள். கார்பன்-13, நைட்ரஜன்-14 இரண்டிலும் ஏழு நியூட்ரான், எனவே ஐசோடோன்கள். இத்துடன் நிறுத்திக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள்.

அவகாட்ரோ கருதுகோளில்தான் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். ‘மாறா வெப்பநிலை, அழுத்தத்தில் சம பருமனுள்ள வாயுக்கள் எல்லாம் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும்’ என்று ஒப்பித்துவிட்டுப் போய்விடுகிறோம். அது எந்த முடிச்சை அவிழ்த்தது என்று தெரிந்தால் பாடத்தில் பாதி புரிந்துவிடும்.

1808இல் பிரெஞ்சு விஞ்ஞானி கே-லுசாக் ஒரு விஷயத்தைச் சொன்னார்: வாயுக்கள் வினைபுரியும்போது அவற்றின் பருமன்கள் எளிய முழு எண் விகிதத்தில் இருக்கின்றன. ஒரு பருமன் ஹைட்ரஜன், ஒரு பருமன் குளோரின் சேர்ந்தால் இரண்டு பருமன் ஹைட்ரஜன் குளோரைடு. இப்போது சம பருமனில் சம எண்ணிக்கையில் துகள்கள் என்று வைத்துப் பாருங்கள். ஒரு ஹைட்ரஜன் துகளும் ஒரு குளோரின் துகளும் சேர்ந்து இரண்டு ஹைட்ரஜன் குளோரைடு துகள்கள் வர வேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஹைட்ரஜன் இருந்தாக வேண்டுமே. அப்படியானால் ஹைட்ரஜன் துகள் இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். அந்தத் துகள் அணுதான் என்றால், அணுவைப் பிளக்க முடியாது என்று ஆங்கிலேய விஞ்ஞானி டால்டன் சொன்ன கொள்கை உடைகிறது. டால்டன் கே-லுசாக்கின் அளவீடுகளையே நம்ப மறுத்தார்.

1811இல் இத்தாலிய விஞ்ஞானி அவகாட்ரோ சொன்ன வழி எளிமையானது. ஹைட்ரஜன் வாயுவின் துகள் ஓர் அணு அல்ல, இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. பிளந்தது மூலக்கூறு, அணு அப்படியே இருக்கிறது. ‘அணு’, ‘மூலக்கூறு’ என்று இரண்டு தனிக் கருத்துகள் நமக்குத் தேவைப்படுவதே இங்கிருந்துதான். தேர்வுக் கணக்கில் ஆக்சிஜனுக்கு 16 போடுவதா 32 போடுவதா என்று தடுமாறும் ஒவ்வொரு மாணவரும், டால்டனும் அவகாட்ரோவும் நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறார்.

அவகாட்ரோ சொன்னதை ஏறக்குறைய அரை நூற்றாண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதுவரை நீரில் ஓர் ஹைட்ரஜனா இரண்டா என்பதிலேயே ஒற்றுமை இல்லை. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த மாநாட்டில் இத்தாலியரான கன்னிசாரோ இந்தக் கருத்தை மீட்டெடுத்து, அதை வைத்து அணுநிறைகளை எப்படி ஒழுங்காகக் கணக்கிடலாம் என்று காட்டினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அவகாட்ரோ இறந்துவிட்டார். மாநாட்டுக்கு வந்திருந்தவர்களில் மெண்டலீவும் ஒருவர். 1869இல் அவர் வெளியிட்ட ஆவர்த்தன அட்டவணைக்குச் சரியான அணுநிறைகள்தான் அடித்தளம். இன்னொன்று: ‘அவகாட்ரோ எண்’ அவகாட்ரோ கண்டுபிடித்தது அல்ல. 1909இல் பிரெஞ்சு விஞ்ஞானி பெர்ரின் அவர் நினைவாக வைத்த பெயர். இதெல்லாம் தேர்வில் வராது. ஆனால் இந்தக் கதை மனதில் நின்றால் கருதுகோள் தானாக நிற்கும்.

இனி மோல். 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்கள் உண்டோ, அத்தனை துகள்கள் சேர்ந்தது ஒரு மோல் என்பதுதான் பழைய வரையறை. அந்த எண்ணிக்கை 6.022 × 10²³. 2019 மே மாதம் முதல் இந்த வரையறை தலைகீழாகிவிட்டது. இப்போது எண்ணைத்தான் முதலில் நிர்ணயிக்கிறார்கள்: 6.02214076 × 10²³ துகள்கள் ஒரு மோல், அவ்வளவுதான். சில புத்தகங்களில் 6.023 என்று பார்த்திருப்பீர்கள். உங்கள் பாடப்புத்தகம் எதைத் தருகிறதோ அதையே தேர்வில் எழுதுங்கள். மூன்றாம் தசம இடத்துக்காகத் திருத்துபவரிடம் வாதாடும் வாய்ப்பு கிடைக்காது.

கணக்கு போடும்போது ஒரே விதி: என்ன கொடுத்தாலும் முதலில் மோலுக்குப் போங்கள், அங்கிருந்து கேட்டதற்குப் போங்கள். நிறை கொடுத்தால் மோலார் நிறையால் (ஒரு மோலின் நிறை, கிராமில்) வகுத்தால் மோல். துகள் எண்ணிக்கை கொடுத்தால் அவகாட்ரோ எண்ணால் வகுத்தால் மோல். திட்ட வெப்ப அழுத்த நிலையில் வாயுவின் பருமன் கொடுத்தால் 22.4 லிட்டரால் வகுத்தால் மோல். திரும்பி வரும்போது அதே எண்களால் பெருக்க வேண்டும். நிறையிலிருந்து நேராக மூலக்கூறு எண்ணிக்கைக்குத் தாவும் சூத்திரம் ஒன்றையும் சிலர் மனப்பாடம் செய்வார்கள். என் கணிப்பில் அது வேண்டாத சுமை. பதற்றத்தில் முதலில் மறப்பது அதுதான்.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். 22 கிராம் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. மூலக்கூறு நிறை: கார்பன் 12, இரண்டு ஆக்சிஜன் 32, மொத்தம் 44. 22ஐ 44ஆல் வகுத்தால் அரை மோல். எத்தனை மூலக்கூறுகள்? அரை மோல் என்றால் 3.011 × 10²³. எத்தனை அணுக்கள்? ஒரு மூலக்கூறில் மூன்று அணுக்கள், எனவே மூன்றால் பெருக்க 9.033 × 10²³. ஆக்சிஜன் அணுக்கள் மட்டும்? இரண்டால் பெருக்கினால் போதும், 6.022 × 10²³. திட்ட நிலையில் பருமன்? அரை மோலுக்கு 11.2 லிட்டர். ஒரே அரை மோலிலிருந்து நான்கு விடைகள் வந்துவிட்டன. வீட்டில் பயிற்சி செய்யும்போதும் இப்படியே செய்யுங்கள். இருபது கணக்குகளுக்கு ஒவ்வொரு விடை கண்டுபிடிப்பதைவிட, ஐந்து பொருட்களை எடுத்து ஒவ்வொன்றிலும் கேட்கக்கூடிய எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது பயன் தரும்.

இங்கே மூன்று இடங்களில் கால் வழுக்கும்.

ஆக்சிஜன், ஹைட்ரஜன், நைட்ரஜன் என்று பெயர் மட்டும் வந்தால் கேள்வியை இரண்டாம் முறை படியுங்கள். ‘ஆக்சிஜன் அணுக்கள்’ என்றால் 16, ‘ஆக்சிஜன் வாயு’ அல்லது ‘ஆக்சிஜன் மூலக்கூறுகள்’ என்றால் 32. 3.2 கிராம் ஆக்சிஜன் வாயுவில் மூலக்கூறுகள் 0.1 மோல், அணுக்கள் 0.2 மோல். இரண்டுமே சரி, எதைக் கேட்டார்கள் என்பதுதான் விஷயம். பாஸ்பரஸ் மூலக்கூறில் நான்கு அணுக்கள், கந்தகத்தில் எட்டு, ஓசோனில் மூன்று, ஹீலியம் போன்ற மந்த வாயுக்களில் ஒன்று. இந்த எண்ணிக்கைக்குத்தான் அணுக்கட்டு எண் என்று பெயர். மூலக்கூறு நிறையை அணுநிறையால் வகுத்தால் கிடைக்கும்: பாஸ்பரஸுக்கு 124ஐ 31ஆல் வகுக்க நான்கு.

அடுத்தது 22.4 லிட்டர். அது வாயுவுக்கு மட்டும். ஒரு மோல் நீரின் பருமன் என்ன என்று கேட்டால் கை தானாக 22.4 லிட்டர் என்று எழுதிவிடும். திரவ நீர் 18 கிராம் என்பது 18 மில்லிலிட்டர்தான், இரண்டு மிடறு. அதோடு 22.4 என்பது பூஜ்யம் டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு உரியது. அழுத்தத்தை ஒரு பார் என்று எடுக்கும் புதிய வரையறையில் இது 22.7 ஆகும். பெரும்பாலான பள்ளிப் புத்தகங்கள் இன்னும் 22.4இல்தான் இருக்கின்றன.

மூன்றாவது, வேதி வாய்ப்பாட்டில் அடைப்புக்குறி. அலுமினியம் சல்பேட்டில், அதாவது Al₂(SO₄)₃இல், இரண்டு அலுமினியம், மூன்று சல்பேட்டுகள். அந்த மூன்று கந்தகத்தையும் பெருக்கும், ஆக்சிஜனையும் பெருக்கும். 54, 96, 192 மூன்றையும் கூட்ட 342, மொத்தம் பதினேழு அணுக்கள். பலர் ஆக்சிஜனை மட்டும் பெருக்கிவிட்டு கந்தகத்தை ஒன்றாக விட்டுவிடுவார்கள். இதற்கெல்லாம் முன்னால் வாய்ப்பாடே சரியாக எழுத வர வேண்டும், அதற்கு இணைதிறன் (ஓர் அணு எத்தனை ஹைட்ரஜன் அணுக்களோடு சேரும் என்ற எண்) தெரிய வேண்டும். மோல் கணக்கு வரவில்லை என்று சொல்பவர்களில் கணிசமானோருக்கு உண்மையில் வராதது வாய்ப்பாடுதான். இணைதிறன் பாடத்தை ஒரு மாலை நேரம் திரும்பப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள்.

விடை சரியா என்று அளவை வைத்தே சோதிக்கலாம். ஓர் அணு அல்லது மூலக்கூறின் நிறையைக் கேட்டால் விடை பெரும்பாலும் 10⁻²³ கிராம் அளவில், ஹைட்ரஜன், ஹீலியம் போன்ற லேசானவற்றுக்கு 10⁻²⁴ அளவில், கனமான அணுக்களுக்கு 10⁻²² அளவில் வர வேண்டும். நீர் மூலக்கூறு ஒன்று ஏறத்தாழ 2.99 × 10⁻²³ கிராம், இரும்பு அணு ஒன்று 9.3 × 10⁻²³ கிராம். 10²⁵ கிராம் போன்ற பெரிய எண் வந்தால் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டீர்கள். அப்புறம், ‘சம நிறையில் எதில் அணுக்கள் அதிகம்’ என்ற கேள்விக்கு முழுக் கணக்கே வேண்டாம். 4 கிராம் ஹைட்ரஜன், ஹீலியம், ஆக்சிஜன், இரும்பு என்றால் எதன் அணுநிறை மிகக் குறைவோ அதில்தான் அதிகம். ஹைட்ரஜனில் நான்கு மோல் அணுக்கள், ஹீலியத்தில் ஒன்று, ஆக்சிஜனில் கால், இரும்பில் அதைவிடவும் குறைவு.

ஆவி அடர்த்திக்கும் மூலக்கூறு நிறைக்கும் உள்ள தொடர்பைத் தருவி என்பது பெரிய மதிப்பெண்ணுக்குப் பிடித்தமான கேள்வி. வரிகளாக மனப்பாடம் செய்தால் நடுவில் ஒன்று விட்டுப்போகும், காரணத்தோடு படித்தால் விடாது. ஆவி அடர்த்தி என்பது ஒரு குறிப்பிட்ட பருமன் வாயுவின் நிறையை, அதே வெப்பநிலை அழுத்தத்தில் அதே பருமன் ஹைட்ரஜனின் நிறையால் வகுத்தது. பருமன் சமம் என்றால் அவகாட்ரோ கருதுகோளின்படி மூலக்கூறு எண்ணிக்கையும் சமம், எனவே அந்த எண்ணிக்கை மேலும் கீழும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது ஒரு வாயு மூலக்கூறின் நிறைக்கும் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறின் நிறைக்கும் உள்ள விகிதம். ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள், அதனால் கீழே இரண்டு வருகிறது. முடிவு: மூலக்கூறு நிறை ஆவி அடர்த்தியைப் போல இரு மடங்கு. அம்மோனியாவுக்கு 8.5, கார்பன் டை ஆக்சைடுக்கு 22. காற்றுக்கு ஏறத்தாழ 14.4. அம்மோனியா மேலே எழுவதும் கார்பன் டை ஆக்சைடு தரையோடு தங்குவதும் இந்த எண்களிலேயே தெரிந்துவிடுகிறது.

சதவீத இயைபு, அதாவது ஒரு சேர்மத்தின் நிறையில் ஒவ்வொரு தனிமமும் எத்தனை சதவீதம் என்பது, மிக எளிது, மதிப்பெண் உறுதி. கால்சியம் கார்பனேட்டின் நிறை 100, எனவே கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 48 சதவீதம். யூரியாவின் நிறை 60, அதில் நைட்ரஜன் 28, அதாவது 46.67 சதவீதம். யூரியா உர மூட்டையில் 46 என்று அச்சிட்டிருப்பது இதுதான். எல்லாச் சதவீதங்களையும் கூட்டினால் நூறு வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

டால்டன் கொள்கையின் திருத்தங்களை வெறும் பட்டியலாகப் படிக்காமல், அவர் சொன்ன எந்த வாக்கியத்தை எது உடைத்தது என்று ஜோடியாகப் படியுங்கள். ‘ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே மாதிரி’ என்பதை ஐசோடோப்பு உடைத்தது. ‘அணுக்கள் எளிய விகிதத்தில் சேரும்’ என்பதற்குச் சர்க்கரை விதிவிலக்கு: பன்னிரண்டு கார்பன், இருபத்திரண்டு ஹைட்ரஜன், பதினொரு ஆக்சிஜன்.

மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் இருபது தனிமங்களின் அணுநிறை, கூடவே இரும்பு 56, தாமிரம் 63.5, துத்தநாகம் 65, வெள்ளி 108, அயோடின் 127 ஆகியவை யோசிக்காமல் வர வேண்டும். தேர்வுத்தாளில் சிலவற்றைக் கொடுப்பார்கள், ஆனால் அதை நம்பிப் போக வேண்டாம். கணக்கு எழுதும்போது கொடுத்தது, சூத்திரம், பிரதியிடல், அலகோடு விடை என்று தனித்தனி வரிகளில் எழுதுங்கள். படிநிலைக்கு மதிப்பெண் உள்ள தேர்வில், கடைசிப் பெருக்கல் தவறினாலும் மேலே உள்ள வரிகள் உங்களைக் காப்பாற்றும்.

உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு கணக்கு தருகிறேன்: 49 கிராம் கந்தக அமிலத்தில் எத்தனை ஆக்சிஜன் அணுக்கள்? ஒரு மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன், ஒரு கந்தகம், நான்கு ஆக்சிஜன். விடை 1.2044 × 10²⁴. 3.011 × 10²³ வந்திருந்தால் மூலக்கூறோடு நின்றுவிட்டீர்கள், நான்கால் பெருக்க மறந்திருக்கிறீர்கள். 2.1077 × 10²⁴ வந்திருந்தால் ஏழு அணுக்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள். இந்த இரண்டும் இல்லாமல் வேறு ஏதோ ஓர் எண் வந்திருந்தால், முதலில் மூலக்கூறு நிறை 98 வந்ததா என்று பாருங்கள்.